ற்-க்குப் பிறகு ஒற்று வராது

அன்று இரவு 9:14க்கு வாத்தியார் போட்ட மெசேஜ் இது: "முயற்ச்சி இல்லை, முயற்சி. ற்-க்குப் பிறகு இன்னொரு ஒற்று வராது. இருபது வருடமாகச் சொல்கிறேன்."

திட்டு வாங்கியவன் நான். வாத்தியார் என்பது பட்டப்பெயர்தான், அவன் எங்கேயும் பாடம் நடத்துவதில்லை. யார் எதை எழுதினாலும் பிழை பார்ப்பான். பிறந்தநாள் வாழ்த்தில்கூட சந்தி விட்டுப்போனால் நன்றி சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்வான். நாங்கள் நான்கு பேர் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது நான்கு ஊர்களில் இருக்கிறோம். மற்ற இருவரில் ஒருவன் எது கிடைத்தாலும் அனுப்பிவிடுவான், அதனால் அவனுக்கு ஃபார்வர்டு என்றே பெயர். இன்னொருத்தி கடல் தாண்டி இருக்கிறாள். எங்களுக்கு இரவு என்றால் அவளுக்குப் பகல்.

9:37க்கு வாத்தியாரிடமிருந்து அடுத்த மெசேஜ் வந்தது. "நாளைக்கு மேல கதவு அது நேரம் நேரம் வந்தா சரி போடு."

ஃபார்வர்டு மூன்று சிரிப்பு ஸ்டிக்கர் போட்டான். "வாத்தியாரே, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டான். 9:40க்கு இன்னொன்று: "தெரி மேசைக்கு அவ கொடு ப ப முன்னாடி." நான் சும்மா இருந்திருக்கலாம். இருபது வருடக் கடனைத் திருப்பித் தர ஒரு வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில் எழுதினேன்: "ற்-க்குப் பிறகு ஒற்று வராது வாத்தியாரே, நினைவிருக்கட்டும்." அதற்கு ஃபார்வர்டு இன்னும் இரண்டு ஸ்டிக்கர்.

அந்த மெசேஜ்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அழித்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். அழிக்காததற்கு ஒரு காரணம் உண்டு, அது பின்னால் வரும்.

9:46க்குத் தோழி வந்தாள். "டேய், சிரிக்காதீங்க. எனக்குத் தனியாவும் இதே மாதிரி நாலு மெசேஜ் வந்திருக்கு. யாராவது அவனைக் கூப்பிடுங்க."

நான் கூப்பிட்டேன். எடுத்தான். குரல் அவனுடையதுதான். இழுத்து நிறுத்திப் பேசுவது, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு, எல்லாம் அவனுடையவை. சொற்கள் மட்டும் யாருடையவையோ. "ஆமா, அந்த மேசை வந்து முடிச்சாச்சு, நீ மழையில வை" என்பதுபோல ஏதோ சொன்னான். தடுமாற்றமே இல்லை. நாக்கு குழறவும் இல்லை. சரியாகப் பேசிவிட்ட நிம்மதியோடு என் பதிலுக்குக் காத்திருந்தான். பயம் வந்தது அந்த மௌனத்தில்தான்.

பக்கவாதம் என்றால் வாய் கோணும், ஒரு பக்கக் கை விழும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படித்தான். சிரிக்கச் சொல்லிப் பார், இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார், ஒரு வாக்கியம் பேசச் சொல்லிப் பார் என்று சொல்லித்தருவது அதற்காகத்தான். ஆனால் மூளையின் இடது பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, சொல்லுக்குப் பொருள் பிடிக்கும் பகுதியில் மட்டும் ரத்தம் நின்றுபோனால் முகம் நேராக இருக்கும், கை தூக்க வரும், நடக்கவும் முடியும். பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது. பேசுகிறவருக்கே அது தெரியாமலும் போகலாம். கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1874இல் எழுதிவைத்தது இது. அந்தப் பகுதிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவன் வீட்டில் தனியாக இருந்தான். அவன் மனைவி மதியம் இரண்டு மணிக்கே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். "என்ன அண்ணா, இந்த நேரத்தில?" என்றவளிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "ஒண்ணும் பயப்படாதேம்மா" என்று தொடங்கினேன். இதைவிட மோசமாகத் தொடங்க முடியாது. அந்த வாக்கியத்தைக் கேட்டு இதுவரை யாராவது பயப்படாமல் இருந்திருக்கிறார்களா?

அவள் மாடி வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். கதவைத் திறந்ததே வாத்தியார்தான், புன்னகையோடு. மாடி வீட்டுக்காரர் அவன் வாயை மோந்து பார்த்தாராம், பிற்பாடு அவரே சங்கடத்தோடு சொன்னார். "ஆள் நல்லாத்தான் இருக்கார், கொஞ்சம் உளர்றார், தூங்கினா சரியாயிடும்" என்பது அவருடைய முதல் தீர்ப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் மோந்து பார்க்கும் முன்பே நான் ஸ்டிக்கருக்குச் சிரித்திருந்தேன். தூங்க விடாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்று தோழி சொல்லச் சொல்ல நான் அவருக்குச் சொன்னேன். தண்ணீர் ஏன் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. விழுங்கும் திறனும் பழுதாகியிருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினைக் கொடுப்பதும் தவறு. அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே எதிரியாகிவிடும்.

மருத்துவமனைக்குள் போகும்போது 10:40 தாண்டியிருந்தது. அவன் மனைவி நேராக அங்கே வந்து சேர்ந்திருந்தாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மருத்துவர் அவளிடம் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பதுதான். எப்போது ஆரம்பித்தது என்றல்ல. ஆரம்பித்த நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

ஏன் அந்தக் கடிகாரம் என்றால், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. 1995இல் வெளியான பெரிய ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் அதைப் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008இல் வந்த இன்னொரு ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. சிலருக்கு ரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்க இன்னும் கூடுதல் நேரம் உண்டு, ஆனால் பெரிய குழாயில் அடைப்பு இருந்தால்தான் அந்த வழி. இவனுக்கு அடைத்திருந்தது சின்னக் கிளை. ஊசி ஒன்றுதான் வழி.

அவன் மனைவி அவனைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது மதியம் இரண்டு மணி. இரண்டிலிருந்து பதினொன்று, ஒன்பது மணி நேரம். அந்தக் கணக்குப்படி ஊசி கிடையாது.

"அண்ணா, உங்ககிட்ட ராத்திரி பேசினாரா?" என்று கேட்டாள். பேசவில்லை, எழுதினான் என்றேன். 9:14 மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். மருத்துவர் கேட்டார்: "இதை அவரே டைப் பண்ணினாரா? ஃபார்வர்டு மெசேஜ் இல்லையே?" நல்ல கேள்வி. முயற்ச்சியை முயற்சி என்று திருத்தி, விதியும் சொல்லி, இருபது வருடக் கோபத்தையும் சேர்த்து எழுதக்கூடியவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் சார் என்றேன். அதற்கு முன்னும் பின்னும் இருந்த பேச்சையும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், என் கிண்டலும் ஃபார்வர்டின் ஸ்டிக்கர்களும் உட்பட. 9:14க்கு நன்றாக இருந்திருக்கிறார், 9:37க்கு இல்லை என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. 11:20க்கு ஊசி ஏறியது.

அதற்கு முன்னால் அவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்த ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. 1995 ஆய்விலேயே நூற்றில் ஆறு பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. "போடட்டுமா அண்ணா?" என்று என்னிடம் கேட்டாள். என்னைப்போய்க் கேட்கிறாளே என்று இருந்தது. போடும்மா என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு விடியும்வரை நான் உட்காரவில்லை.

தொடர்ந்து நடந்த கூத்து வேறு வகை.

எங்கள் நான்கு பேர் குழுவைத் தவிர, கூடப் படித்த எல்லோரும் இருக்கும் பெரிய குழு ஒன்று உண்டு. நள்ளிரவில் ஃபார்வர்டு மனம் பொறுக்காமல் அதில் எழுதினான்: "வாத்தியாருக்கு ஸ்ட்ரோக். ஐசியு." அவ்வளவுதான். இந்த ஊசி போட்டால் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அதற்காகத்தான் ஐசியு. மருத்துவமனைக்குள் அது ஒரு படுக்கையின் பெயர், எழுத்தில் வந்தால் அதுவே பாதி இரங்கல் செய்தி. நேரில் சொன்னால் முகம் கூடவே போய் விளக்கம் சொல்லும். எழுத்துக்கு அந்தத் துணை கிடையாது.

மறுநாள் காலை 7:05க்குப் பெரிய குழுவில் கல்லூரி கால ஃபோட்டோ ஒன்று வந்தது, கீழே மெழுகுவத்தி, "ஆழ்ந்த இரங்கல்". நான் பார்ப்பதற்குள் பதினோரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

யார் மீதும் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்தும், அந்தச் செய்தி எந்த வழியாக வந்தது என்று தேடிப் பார்த்தேன். "ஸ்ட்ரோக், ஐசியு" என்று ஃபார்வர்டு சொன்னதை ஒருவன் இன்னொருவனுக்கு "சீரியஸாம்" என்று சொல்லியிருக்கிறான். அவன் அடுத்தவனுக்கு "கஷ்டம்தான் போல" என்றிருக்கிறான். அடுத்தவன் பதறி "போய்ட்டானா?" என்று கேட்டிருக்கிறான். அதைத் தூக்கத்தில் படித்த ஒருவன் கண்ணில் கேள்விக்குறி படவில்லை. ஒரு நிறுத்தக்குறி விட்டுப்போனதில் வாத்தியாரே செத்துப்போனான். அவனுக்குத் தெரிந்தால் எதற்கு அதிகம் வருத்தப்படுவான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அழிக்கச் சொன்னோம், அழித்தார்கள். ஆனால் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்ற வரி பல்லிளித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எதை நீக்கினார்கள் என்று கேட்க, பதில் சொன்னவர்கள் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அவனுடைய அக்காவுக்கு யாரோ துக்கம் விசாரிக்கவே கூப்பிட்டுவிட்டார். அந்த அழைப்பைப் பற்றி அக்கா இன்றுவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மதியம் இன்னொன்று சுற்றியது. பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் உடனே சரியாகிவிடும் என்ற அந்தப் பழைய ஃபார்வர்டு. பல வருடமாகச் சாகாமல் இருக்கிறது. அனுப்பியவர்கள் கெட்டவர்களா என்ன? அவரவர் கையில் இருந்த ஒரே மருந்து அதுதான், அதை அனுப்பினார்கள். ஆனால் ஒரு நிமிடம் அடைப்பு நீடித்தால் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்குப் போட்டிருக்கிறார். பத்து விரலைக் குத்தி முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் மனைவியின் ஃபோனில் முதல் நாள் மட்டும் நாற்பதுக்கு மேல் மெசேஜ்கள். எல்லாம் ஒரே கேள்வி: என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்கான், டாக்டர் என்ன சொன்னார். பதில் சொல்லாவிட்டால் கேள்விக்குறி மட்டும் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு கேள்விக்குறி. 2014இல் வாட்ஸ்அப்பில் வந்த நீல டிக் இந்த இடத்தில் ஒரு சாபம். படித்துவிட்டாள், பதில் இல்லை, அப்படியென்றால் மோசம்தான் போல என்று ஒருவர் முடிவு கட்டுகிறார். அவள் படித்த நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டிருக்கலாம். அழுதுகொண்டிருந்திருக்கலாம். வெறுமனே சலித்துப்போயும் இருந்திருக்கலாம்.

2013இல் சூசன் சில்க் என்ற அமெரிக்க உளவியலாளர், நண்பர் ஒருவரோடு சேர்ந்து பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். துன்பத்தில் இருப்பவரை நடுவில் வைத்து வட்டம் போடு, அடுத்த வட்டத்தில் மிக நெருங்கியவர், அதற்கடுத்து நண்பர்கள், இப்படியே வெளியே போகட்டும். உள்வட்டத்தைப் பார்த்து ஆறுதல் மட்டும் சொல், உன் புலம்பலை வெளிவட்டத்தைப் பார்த்துக் கொட்டு. இதைப் பிற்பாடுதான் படித்தேன். அந்த இரண்டு நாளும் நாங்கள் எல்லோரும் உள்ளே பார்த்தே கொட்டியிருக்கிறோம். "எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லம்மா" என்று நானே அவளுக்கு எழுதியிருக்கிறேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்!

மூன்றாம் நாள் தோழிதான் ஒழுங்குபடுத்தினாள். மாலையில் ஒரு தடவை அவன் மனைவியுடன் பேசி விவரம் கேட்டு எல்லோருக்கும் சொல்வது என் வேலை. வேறு யாரும் கேட்கக் கூடாது. அவளுக்கு எழுதினால் கடைசியில் "பதில் போட வேண்டாம்" என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். நான் எழுதும் செய்தியில் தெரிந்தது மட்டும் இருக்க வேண்டும், "போல", "சீரியஸாம்" எதுவும் கூடாது. "எழுந்து உட்கார்ந்தான். மனைவியை அடையாளம் தெரிகிறது. சொல்வது இன்னும் புரியவில்லை." இப்படி மூன்று வரி. மூன்று வரி எழுத எனக்கு அரைமணி பிடித்தது.

அந்த நாட்களில் தோழி ஒரு பழைய மருத்துவக் குறிப்பைத் தேடி எடுத்தாள். அமெரிக்காவில் 25 வயதுக் கர்ப்பிணி ஒருவரிடம் பிரசவத் தேதி என்ன என்று கணவர் மெசேஜில் கேட்கிறார். பதிலாகத் தொடர்பே இல்லாத சொற்கள் வருகின்றன. கணவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பக்கவாதம்தான். 2012இல் ஒரு நரம்பியல் இதழில் இது வெளிவந்தது. தானாகத் திருத்தும் ஆட்டோகரெக்ட் வந்தபிறகு உளறலான மெசேஜ் யாருக்கும் உறுத்துவதில்லை, அறிகுறி அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்று அதை எழுதிய மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் வழக்கில் ஆட்டோகரெக்ட்டைக் குறை சொல்லவும் வழியில்லை. எங்கள் குழுவில் ஒரே ஒருவன்தான் பிழையில்லாமல் எழுதுபவன், அவன்தான் உளறினான். சந்தேகப்பட அதைவிட என்ன வேண்டும்?

பத்தொன்பதாம் நாள் குழுவில் "டைப் செய்கிறார்" என்று வந்தது. வாத்தியார்! மூன்று பேரும் அவரவர் ஊரில் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறைந்தது. வந்தது. மறைந்தது. நான்கு நிமிடம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தது. ஃபார்வர்டு அழுதுகொண்டே ஐந்து நிமிட வாய்ஸ் நோட் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். அது தப்பு என்று பேச்சுப் பயிற்சி தருபவர் அப்புறம் சொல்லித்தந்தார். இப்படிப்பட்டவர்களிடம் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே விஷயம், பிறகு காத்திருக்க வேண்டும். புரியாததைப் புரிந்த மாதிரி நடிக்கக் கூடாது. ஃபார்வர்டின் வாய்ஸ் நோட் அவன் காதில் அன்றைக்கு எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தேன். எனக்கு 9:46க்கு அவன் பேசியது விழுந்த மாதிரியேதான் விழுந்திருக்கும்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. நிறையவே திரும்பி வந்திருக்கிறான். நீளமான சொல்லில் இன்னும் தடுக்கும், வேகமாகப் பேசினால் கையைக் காட்டி நிறுத்துவான். எழுதுவது பேசுவதைவிட மெதுவாகத்தான் வருகிறது. பிழை திருத்துவது மட்டும் ஏனோ சீக்கிரமே வந்துவிட்டது.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபார்வர்டிடமிருந்து ஒரு மெசேஜ்: "கககக ளஃஃ பபப தூ." என் ஃபோன் தலைமாட்டில்தான் இருக்கும். சத்தத்தில் விழித்துப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டேன், பிஸி. மறுபடி, பிஸி. தோழியைக் கூப்பிட்டால் அவளும் பிஸி. ஐந்து நிமிடத்தில் நான்கு பேரும் ஒரே வீடியோ காலில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் முன்னால் அவனைக் கூப்பிட்டு எழுப்பியது வாத்தியார்.

ஃபார்வர்டு பாதித் தூக்கத்தில், தலைமுடி கலைந்து, கோபமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய ஒன்றரை வயதுக் குழந்தை, ஃபோனைப் பிடுங்கிக்கொண்ட ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தது. குழந்தைதான் என்று அவன் சொன்னதைத் தோழி ஏற்கவில்லை. "சிரிடா" என்றாள். பல்லைக் காட்டினான். "ரெண்டு கையையும் தூக்கு." குழந்தையைப் படுக்கையில் விட்டுவிட்டுத் தூக்கினான்.

வாத்தியார் திரைக்கு நெருங்கி வந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தான். "ஒரு... வாக்கியம்... சொல்லு."

ஃபார்வர்டு சொன்ன வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிழை இல்லை என்றான்.